இன்ஜின் மேல் கிடந்த மாத்திரைப் பை

இன்று பெரியப்பாவோடு ஓசூர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது, அனலடிக்கும் இன்ஜின் மூடிமேல் கிடந்த பைதான்.

கிருஷ்ணகிரியிலிருந்தே அது அங்கே கிடந்தது. சூளகிரி தாண்டியதும் ஒரு அக்கா அதிலிருந்து டப்பா ஒன்றை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"வயசானவங்களுக்கு எதிர்ப்பு சக்தி வரும்ங்கய்யா. உள்ள இருக்கறது உயிரோட இருக்கற நல்ல கிருமி. இத சாப்பிட்டா வேற மாத்திரையே வேணாம்."

பெரியப்பா நிமோனியாவில் படுத்து இப்போதுதான் எழுந்தவர். "அப்ப சுகர் மாத்திரையையும் நிறுத்திரலாமாம்மா?" என்றார் ஆசையாக.

"தாராளமா நிறுத்துங்க. இத மட்டும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க. சூடு பட்டா கிருமி செத்துரும்."



பெரியப்பாவின் கையைப் பிடித்து அந்தப் பையின்மேல் வைத்தேன்.