சிரட்டை மாலையும் கண்ணாடி கிளாசும்

தொண்ணூறுகளின் கடைசியில், மலையாள நாட்டு ஆரியசாலையில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் உட்கார்ந்து நான் சிரட்டை ராவிக்கொண்டிருந்தேன். வடக்கே கொட்டாங்கச்சி என்பார்களே, அதுதான். அதில் நகை செய்தோம். கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணின் கழுத்தே தெரியாத அளவுக்குத் தங்கம் போடுகிற ஊரில், அடுப்பெரிக்கிற சாமானில் மாலை செய்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சிரித்தவர்களோடு பேச்சை முறித்துக்கொள்வேன்.

பெண்களாக எங்களைக் குழு சேர்த்தவர் டிசைன் படித்த ஒரு மலையாளி. எல்லோருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா. மரம் வெட்டக் கூடாது, சாயம் கூடாது, வார்னிஷ் கூடாது, வருகிற பணம் எல்லோருக்கும் சமம் என்பது அவர் கட்டளை. சாலைக் கடைத்தெரு ஹோட்டல்களில் துருவிப் போட்ட சிரட்டைகளைச் சாக்கில் அள்ளி வருவோம். உடைந்த கண்ணாடிச் சில்லால் நாரைச் சுரண்டி, ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கறுப்பு மினுங்கும். மூக்கைச் சிந்தினால் காப்பி நிறத்தில் வரும். அதற்கும் சிரிப்போம். கீழேயிருந்து அரிசி வாசம் ஏறி வரும்; மழை பிடித்தால் ஓட்டுச் சத்தத்தில் பேச்சு கேட்காது, கை மட்டும் ஓடும். அந்த மாடியில் இருந்ததுபோல் நான் வேறெங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பச்சைக் கல் பதித்த பழைய பாலக்கா மாலையில் ஒரு இலை வடிவம் உண்டு. அதையே சிரட்டையில் அறுத்து, இடையிடையே சிவப்பு மஞ்சாடி விதைகளைக் கோத்தோம். நான் தனியாக முடித்த முதல் மாலையை அம்மாவுக்குக் கொண்டுபோனேன். அம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகி அப்பாவோடு இங்கே வந்து, கட்டட வேலையில் சித்தாளாக மண் சுமந்தவள். மஞ்சள் கயிறு தவிர அவள் கழுத்தில் எதுவும் ஏறியதில்லை. மாலையை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"இது என்னத்துல செஞ்சது மக்ளே?"

"செரட்டையில."

மாலை என் மடியில் வந்து விழுந்தது. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். இவளும் என் வேலையை மட்டமாக நினைக்கிறாளே என்பதைத் தாங்க முடியவில்லை. நான் செய்ததை அவள் ஒருமுறையாவது கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது.

எங்கள் முதல் கண்காட்சிக்கு அவளை வற்புறுத்தி அழைத்துப்போனதும் அதற்காகத்தான். அங்கே வந்தவர்களுக்குச் சாயா கொடுக்கப் பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று, சிரட்டைகளையே வழவழப்பாகத் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தார் சேச்சி. பட்டும் கசவுச் சரிகைச் சேலையுமாக வந்தவர்கள் அதை இரண்டு கையாலும் ஏந்தி, ரசித்துக் குடித்தார்கள். அம்மாவைக் கண்டதும் சேச்சியே ஒரு சிரட்டையை எடுத்துவந்து நீட்டினார்.

"அம்மே, சாயா குடிக்கணும்."

அம்மா கை நீட்டவில்லை. "எனக்கு கிளாஸ்ல தாருங்க."

"கிளாஸ் இல்லல்லோ அம்மே. இது நல்லா கழுவினதாக்கும்."

"அழுக்குன்னு சொல்லல. எங்க ஊரு சாயாக் கடையில உள்ள இருக்கவியளுக்கு கிளாஸு. எங்களுக்கு வெளிய நிக்க வச்சு செரட்டை. குடிச்சுப்போட்டு நாங்களே கழுவி, வேலியில கவுத்து வச்சிட்டுப் போவணும். கல்யாணம் வரைக்கும் நான் கடையில கிளாஸத் தொட்டதில்ல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சேச்சி நீட்டிய சிரட்டையை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற பட்டுப்புடவைக்காரம்மா தன் சிரட்டையை மேசை ஓரமாக வைத்துவிட்டு மெல்ல நகர்ந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "குடிச்சவிய கழுவி வைக்கணும்லா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சேச்சி வெளியே போனார். எதிரே தெருவோரம் இருந்த தட்டுக்கடையிலிருந்து கண்ணாடி கிளாசில் சாயா வாங்கிவந்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுத்தார். அம்மா அவசரப்படாமல் ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு சேச்சியும் நானும் மேசைமேல் இருந்த சிரட்டைகளையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினோம். அதற்கப்புறம் நாங்கள் சிரட்டையில் கோப்பை செய்யவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கென்று செய்த மாலையை அறுத்தேன். சிரட்டை இலைகளை எடுத்துவிட்டு, மஞ்சாடியை மட்டும் புதுச் சரட்டில் கோத்து அவள் கழுத்தில் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த வெட்கம் எனக்கு இப்போதும் கண்ணிலேயே இருக்கிறது.

மிஞ்சிய இலைகளை எனக்குக் கோத்துக்கொண்டு, அவள் பார்க்காத நேரத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பேன். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மறந்துபோய் அதோடு அவள் எதிரில் வந்துவிட்டேன். அவசரமாகக் கழற்றப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும். ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நீ அதுல குடிச்சதில்லலா."