மாரிட்டைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

நனைந்த ஸ்பானியல் நாயின் முன்னங்காலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் நகவெட்டியை அழுத்தும்போது "அமோ" என்கிறாள் மாரிட். அடுத்த நகத்துக்கு "அமாஸ்". அதற்கும் அடுத்ததற்கு "அமாட்". நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். நான்காவது நகத்தில் பன்மை தொடங்குகிறது. எதிரே ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவில் ஒரு லத்தீன் பாடப்புத்தகம், பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க இரும்புச் சீப்பு ஒன்றைச் சுமந்தபடி திறந்து கிடக்கிறது. எங்கேயாவது விகுதி தப்பிவிட்டால் நாயின் காலை விட்டுவிட்டு, ஈரக்கையோடு பக்கத்தை எட்டிப் பார்த்து, "சே, என்னைக் குழப்பிட்டியேடா" என்று நாயைக் கடிந்துகொள்வாள். நாய்கள் அவளிடம் பொறுமையாகத்தான் இருக்கின்றன.

மாரிட் டாலெஃப்சனுக்கு நாற்பத்து நான்கு வயது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சோளக்காட்டை ஒட்டிய வீட்டின் கார் கொட்டகைதான் அவளுடைய கடை. வாரத்தில் மூன்று மதியங்கள் ஊர் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவாள். கணவர் டீன் தானிய லாரி ஓட்டுகிறார். மூன்று குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அவளிடம் படிக்கிறவர்கள். எங்கள் வட்டாரத்தில் அப்படிப் பதினாறு குடும்பங்கள் இருக்கிறோம். வியாழக்கிழமைகளில் லுத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூடி, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் பாடம் எடுப்போம். என் மகளும் அங்கே போகிறாள்.

ஏன் லத்தீன் என்று வெளியாட்கள் கேட்டால் எங்களிடம் ஆளுக்கொரு பதில் இருக்கும். இலக்கணம் பிடிபடும் என்பார்கள், மருத்துவம் படிக்க உதவும் என்பார்கள். மாரிட் மட்டும் உள்ளதைச் சொல்லுவாள்: "எனக்கும் தெரியாத ஒண்ணை என் புள்ளைங்களோட சேந்து முட்டி மோதிப் படிக்கணும். அதுக்கு ஒரு சாக்கு."

ஆனால் எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? ஏப்ரலிலேயே இந்தத் தலைவலி ஆரம்பித்துவிடும். பாட்டுப் பாடிச் சொல்லித்தரும் புத்தகம், கதையாகச் சொல்லும் புத்தகம், வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யவைக்கும் புத்தகம் என்று விளம்பரங்கள் வந்து குவியும். எல்லா அட்டையிலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். தாய்மார்கள் குழம்பிப்போய் மாரிட்டுக்குப் போன் செய்வார்கள். சில பேர் நாயையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிடுவதுண்டு.

அவளுடைய முறை எளிமையானது. புத்தகத்தை யாரிடமாவது கடன் வாங்குவாள். முதல் பன்னிரண்டு பாடங்களைப் பென்சிலோடு உட்கார்ந்து தானே படித்து, பயிற்சியெல்லாம் எழுதி, விடையைத் திருத்தி, தனக்கே மதிப்பெண் போட்டுக்கொள்வாள். பிறகு தன் கடைசிப் பையன் லார்ஸை உட்காரவைப்பாள். அவனுக்கு ஏழு வயது. அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் நிமிடத்தைப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துவைப்பாள். "9, தண்ணி." "14, மேஜைக்கு அடியில்." "6, காரணம் சொல்லவில்லை." ஒரு புத்தகத்தில், சிவப்புத் தலைமுடிக்காரச் சிப்பாய் படம் இருந்த பக்கத்தில், "31, போதும் என்று நான்தான் எழுப்பினேன்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

புத்தகங்களை அவள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சிவப்பு, நீலம், பச்சை, அவ்வளவுதான். உச்சரிப்புச் சண்டை வந்தாலும் அதே சிக்கனம். வானம் என்ற சொல்லைப் பழைய ரோமானியர் போல "கைலும்" என்பதா, தேவாலயத்தில் பாடுவது போல "சேலும்" என்பதா என்று ஒருமுறை இரண்டு குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசாமலே இருந்தன. மாரிட் இரு வீட்டுக்கும் போய், "ரோமாபுரியிலேர்ந்து யாரும் திருத்த வரப்போறதில்ல. ஒரு வீட்டுக்குள்ள ஒரே மாதிரி சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, இருவருடைய நாய்களுக்கும் காது சுத்தம் செய்துவிட்டு வந்தாள்.

என்னோடு அவளுக்கு நெருக்கம் உண்டானதும் லத்தீனால்தான். சொல்லை எங்கே மாற்றிப் போட்டாலும் லத்தீனில் பொருள் மாறாது, விகுதிதான் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று காட்டும், இதைக் குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். எங்கள் தமிழிலும் அப்படித்தானே என்றேன். "நாய் பூனையைக் கடித்தது", "பூனையை நாய் கடித்தது". எப்படிச் சொன்னாலும் கடிபட்டது பூனைதான், அந்த "ஐ" போகும் இடமெல்லாம் கடியும் போகும் என்று சொல்லிக்காட்டினேன். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லும்மா. மெதுவா சொல்லு." ஆறேழு முறை சொல்லவைத்து, நாய்க்காரர்களின் வருகைப் பதிவேட்டில் தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இன்றைக்கும் என்னைக் கண்டால் "பூனையை" என்பாள். அதுதான் எனக்கு வணக்கம்.

அவளிடம் குறைகள் இல்லாமலில்லை. எங்கேயும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வருவாள். எந்தச் சட்டையிலும் நாய்முடி ஒட்டியிருக்கும். பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். ஆனால் போன மே மாதக் கூட்டத்தில் அவள் பேசியதைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு அவளை வேறு மாதிரிதான் பார்க்கிறோம்.

அந்தக் கூட்டத்தில், எல்லாக் குடும்பங்களும் ஒரே லத்தீன் புத்தகத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவாக இருந்தது. அப்போதுதான் வியாழக்கிழமை வகுப்பைப் பொதுவாக நடத்த முடியும். கூட்டு வகுப்பை நடத்தும் கான்ஸ்டன்ஸ் பீல் சிவப்புப் புத்தகத்தைச் சொன்னார். கண்டிப்பான புத்தகம். ஐந்து வேற்றுமை வாய்ப்பாடுகளையும் முதலிலேயே மனப்பாடம் செய்யவேண்டும். கான்ஸ்டன்ஸின் இரண்டு மகன்களும் ஆறு வயதில் அதைத் தொடங்கி, இப்போது கல்லூரியில் லத்தீன் படிக்கிறார்கள். அவர் பேச்சுக்கு மறுப்புச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேட் க்ரூகர் நின்றிருந்தார். அவர் வெல்டர். மனைவி மருத்துவமனையில் நர்ஸ் என்பதால் இரண்டு மகள்களுக்கும் அவர்தான் வாத்தியார். சிவப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மூடிவைத்தார். "எனக்கு இங்கிலீஷ் இலக்கணமே தகராறு. நாங்க ஒதுங்கிக்கிறோம். பொண்ணுங்களை டவுன் பள்ளிக்கூடத்துல சேத்துடறோம்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய மகள்கள் அந்தக் கூடத்தைத் தங்கள் வீடு போல நினைத்து ஓடித் திரிகிறவர்கள்.

அப்போதுதான் மாரிட் எழுந்தாள். அவளுடைய மூத்த மகள் இங்க்ரிட், பதினான்கு வயது, சமையலறை ஜன்னலுக்கு அப்பால் எலுமிச்சை கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேசுவது எல்லாம் அவள் காதில் விழும்.

மாரிட் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னாள். இங்க்ரிட்டுக்கு ஏழு வயதானபோது இதே சிவப்புப் புத்தகத்தைக் கொடுத்ததாகச் சொன்னாள். தான் ஒரு வரி படிக்காமல், குழந்தையை மட்டும் படிக்கவைத்தாள். மூன்று வருடம், தினமும் காலையில் அரைமணி நேரம். கெட்டிக்காரக் குழந்தை. ஐந்து வாய்ப்பாட்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தது. வருகிறவர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். கடைசி ஆண்டில் இனி வேண்டாம் என்று குழந்தை சொன்னபோது, எடுத்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

குழந்தை முடித்தது. அந்த வாரம் யாரோ கொடுத்த பச்சைப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. கறுப்பு வெள்ளைப் படம் போட்ட ஒல்லிப் புத்தகம். அதன் நான்காம் பாடத்தில் மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம்: "புயெல்லம் அக்ரிகோலா வோகட்." பெண்ணை விவசாயி கூப்பிடுகிறான். மாரிட் அதை இங்க்ரிட்டிடம் நீட்டி வாசிக்கச் சொன்னாள். பெண் விவசாயியைக் கூப்பிடுகிறாள் என்று வாசித்தாள் இங்க்ரிட். தப்பு என்று மாரிட்டுக்கே உடனே தெரியவில்லை. விடைப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"மூணு வருஷம்" என்றாள் மாரிட், கூடத்தில் எங்களைப் பார்த்து. "மூணு வருஷம் அவ ஒப்பிச்சா. ஒரு வாக்கியம் படிக்கக் கத்துக்கல. அது அவ தப்பில்ல. அந்தப் புத்தகத்து மேலயும் தப்பில்ல. அது நல்ல புத்தகம். நான் ஏழு வயசுல அதைக் கையில திணிச்சேன் பாருங்க, அதான் தப்பு."

அடுத்த குளிர்காலத்தில் மான் இறைச்சி எடுக்க அடித்தளத்து ஃப்ரீசரைத் திறந்தபோது, பொட்டலங்களுக்கெல்லாம் அடியில் சிவப்புப் புத்தகம் உறைந்து கிடந்தது என்றும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். அதை அவள் மகளிடம் கேட்கவே இல்லையாம். உலரவைத்து, முதல் பாடத்திலிருந்து தான் படிக்கத் தொடங்கினாளாம். நாய்களுக்கு முன்னால் ஒப்பிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

பிறகு பச்சைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். வாரத்துக்கு ஆறே சொல். முதல் வாரத்திலேயே வாசிக்க ஒரு வாக்கியம். சொல்லிக்கொடுக்கிறவருக்கு லத்தீன் ஒரு சொல்கூடத் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்ட ஆசிரியர் குறிப்பு. "படம் எல்லாம் படு மட்டம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். "ஆனா வேட், இதை நீங்க ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி படிச்சுட்டு காலைல சொல்லிக்குடுத்துடலாம். நான் செஞ்சு பாத்துட்டேன்."

கான்ஸ்டன்ஸ் பீலின் முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தோம். தன் சின்ன மகனும் ஒரு வருடம் புத்தகத்தைத் தொட மறுத்ததுண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகு மெதுவாகச் சொன்னார். பன்னிரண்டு வயதுக்கு மேல் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை என்று அவரே முடிவைச் சொன்னார். வேட் தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சை கேக் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவர் மகள்கள் இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று மாரிட் அன்று காலையே மகளிடம் கேட்டிருக்கிறாள். இதைப் பிறகு இங்க்ரிட்டே என்னிடம் சொன்னாள். "'சொல்லிக்கோ, ஆனா அழாத'ன்னேன். அழல, பாத்தீங்கல்ல?"

அந்தப் பெண் நாலு வருடமாக லத்தீன் பக்கமே போகாதவள். கோடையில் ஒருநாள் பச்சைப் புத்தகம் மேஜையிலிருந்து காணாமல் போனதாம். மாரிட் தேடவில்லை. ஆகஸ்டில், சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுக்க ஆள் இல்லை என்று பேச்சு வந்தபோது, தான் எடுக்கட்டுமா என்று இங்க்ரிட் கேட்டாள். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். அம்மா வகுப்புக்குள் வரக்கூடாது. அடுத்தடுத்த பாடங்களில் என்ன வருகிறது என்று அம்மா தனக்கு முன்கூட்டியே சொல்லித்தரக்கூடாது.

செப்டம்பரின் மூன்றாம் வியாழன், என் மகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுக்க அடித்தளத்துக்கு இறங்கினேன். வகுப்பறைக் கதவுக்கு வெளியே மாரிட் நின்றிருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியே பலகை தெரிந்தது. பெண் விவசாயியைக் கூப்பிடுகிறாள் என்று இங்க்ரிட் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தாள். "அக்ரிகோலம்" என்று எழுதவேண்டிய இடத்தில் "அக்ரிகோலும்" என்று எழுதினாள். ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஏழெட்டுக் குழந்தைகள் அதைப் பார்த்துத் தங்கள் நோட்டில் எழுதத் தொடங்கின.

மாரிட்டின் உதடு அசைந்தது. கை கதவின் கைப்பிடிக்குப் போய் அதைப் பற்றியது. உள்ளே இங்க்ரிட் ஓரடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரிட் கைப்பிடியை விட்டாள். இரண்டு கைகளையும் ஜீன்ஸின் பின்பைகளில் ஆழமாகத் திணித்துக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.