‘கிவ்’ போதாது என்று நினைத்தேன்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். சுத்தமாகத் தெரியாமல் இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது. கொஞ்சம் தெரிந்திருந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்தபோது நான் கோலா கிளாவாங் போகும் மலைப்பாதை ஓரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை போக, துரைமார் பேசுவதைத் தமிழில் சொல்வதும், தொழிலாளர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் தலையில் விழுந்தன. அதற்காகச் சிரம்பானில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். ஒரு சொல்லைத் தேடினால், அதே பொருள் தரும் சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டும். அதில் ‘கிவ்’ என்ற சொல்லுக்கான பக்கம் எனக்கு மனப்பாடம். கொடு என்பதற்கு ‘கிவ்’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். கிராணியும் அதையே சொன்னால் என்ன மரியாதை? பெரிய துரையிடம் பேனாவை நீட்டும்போதுகூட, “ஐ பிரசென்ட் யூ தி பென், சார்” என்பேன். அவரும் வாங்கிக்கொள்வார். அவருக்குப் பேனா வேண்டும்.

வேலிக்கு வெளியே ஓர் உருண்டை சோறு

தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. கேட்டில் துப்பாக்கியுடன் காவல். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கை சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். ‘உணவு சப்ளை செய்கிறவர்களுக்குத் தடுப்புக்காவல்’ என்ற அறிவிப்பை, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று உரக்கப் படித்துக் காட்டியவன் நான்தான். ‘சப்ளை’ என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். நல்ல சொல்.

பாக்கியம்மா எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். மகன் கடுமையான காய்ச்சலில் கிடந்து பிழைத்ததிலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் சாலை ஓரத்து முனியாண்டி கல்லுக்கு ஓர் உருண்டை சோறு வைப்பதாக வேண்டுதல். கல் இருந்தது வேலிக்கு வெளியே. முனியாண்டிக்கு முள்கம்பிச் சட்டம் பொருந்தாது என்று நினைத்து, மடியில் கட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ் துரை நாட்டுக்குப் புதியவர்; கொஞ்சம் மலாய் மட்டும் பழகியிருந்தார். அவருடைய ஜீப் டிரைவர் கோவிந்தன் ஆபீஸ் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். துரை கேட்கச் சொன்னதை நான் கேட்டேன்.

“சாமிக்கு வைக்கத்தான் ஐயா எடுத்துட்டுப் போனேன். முனியாண்டிக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குடுக்கிறதுதான்” என்றார் பாக்கியம்மா.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “ஷீ சப்ளைஸ் முனியாண்டி, சார். ரெகுலர்லி” என்றேன். சாமி என்று அவர் சொன்ன முதல் பாதி எனக்குத் தேவையாகப் படவில்லை.

துரையின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக ஓடியது.

பெரட்டில் படித்த அறிவிப்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருத்த நினைத்து, புத்தகத்தில் அடுத்ததாக இருந்த ‘கான்ட்ரிபியூட்’டைச் சொன்னேன். காட்டுக்காரர்களுக்கு ரகசியமாகச் சந்தா கட்டுவதைப் போலீசார் அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அவசரமாக அதையும் விட்டு, ‘மெயின்டெய்ன்’ என்றேன். முனியாண்டியை இந்த அம்மாள்தான் வைத்துப் பராமரிக்கிறாள் என்று ஆயிற்று.

“அவன் எங்கே இருக்கிறான்?” என்று கேட்டார் துரை.

“காட்டு ஓரத்தில், சார்.”

“ஆயுதம் உண்டா?”

“அரிவாள் உண்டு, சார்.” கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது என் வழக்கம்.

“என்னா ஐயா சொல்றீங்க? தொர மூஞ்சி செவந்துகிட்டே போவுதே” என்றார் பாக்கியம்மா.

“நல்லதாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க சும்மா இருங்க பாக்கியம்மா.”

வாசலில் நின்ற கோவிந்தனுக்கே பொறுக்கவில்லை. முனியாண்டி ஆள் இல்லை, சாமி என்று மலாயில் சொன்னான். துரை என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஆனால் அதோடு தீரவில்லை. “சாமி சரி. அந்தச் சோற்றை யார் தின்கிறார்கள்?” என்றார்.

யாருக்கும் தெரியாது. நாய் தின்றிருக்கலாம், காக்கை தின்றிருக்கலாம். காட்டிலிருந்து எவனாவது வந்தும் தின்றிருக்கலாம்; பசித்தவன் கல்லிடம் அனுமதி கேட்கப் போவதில்லை. துரை பாக்கியம்மாவை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஏறினால் தடுப்புக்காவல், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். காய்ச்சலில் பிழைத்த அந்த மகனுக்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது.

என்னிடம் பெரிய சொல் ஒன்றும் மிச்சம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“யுவர் ஜீப் ஆல்சோ கிவ்ஸ், சார்.”

அந்த மலைப்பாதையில் முனியாண்டிக்கு ஒன்றும் வைக்காமல் எந்த டிரைவரும் வண்டியைக் கொண்டுபோக மாட்டான். கோவிந்தனும் போகும்போதெல்லாம் நிறுத்தி, ஒரு சுருட்டும் வாழைப்பழமும் வைத்துவிட்டுத்தான் ஏறுவான். இன்ஜின் சூடு ஆற வேண்டும் என்று துரையிடம் சொல்லியிருந்தான். துரையும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார்.

“ஏன் கிராணி, ஒங்களுக்கு நான் என்னா செஞ்சேன்?” என்றான் கோவிந்தன், தமிழில்.

உண்மையா என்று துரை மலாயில் கேட்டார். கோவிந்தன் விறைப்பாக நின்றான். உண்மைதான் துவான், இந்த ரோட்டில் எத்தனையோ வண்டிகளைச் சுட்டுவிட்டார்கள், நம் வண்டியில் ஓர் ஓட்டைகூட இல்லையே என்றான்.

துரை ஜன்னல் வழியாக ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘இன்ஷூரன்ஸ்.’

‘கிவ்’ பக்கத்தில் அந்தச் சொல் இல்லை. இதை எழுதும் முன்பும் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

முனியாண்டி குடியேறியது

பாக்கியம்மாவை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் சோறு வேலி தாண்டக் கூடாது என்ற சட்டம் அப்படியேதான் இருந்தது. ஆகவே சாமி வேலிக்குள் வர வேண்டும் என்று துரை உத்தரவிட்டார். காட்டு ஓரத்தில் குடியிருந்தவர்களையெல்லாம் முள்கம்பிக்குள் கொண்டுவந்த காலம் அது. முனியாண்டியையும் அரிவாளோடு கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன்பிறகு போலீஸ் ஜீப்பின் இன்ஜின் எங்கள் கேட்டுக்கு வந்ததும் சூடாகிவிடும். துரையே இறங்கி நின்று காத்திருப்பார்.

இப்போது ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அடுத்தவர் கழுத்து மாட்டியிருக்கும் இடத்தில் அவர் சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள், இருப்பதிலேயே சின்னச் சொல்லாகப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் படிப்பை வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

அன்றைக்கு எனக்கு இந்த ஞானம் வந்திருக்கவில்லை. சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்துக்குப் போனேன். பாக்கியம்மா வாசலில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா பாக்கியம்மா, கடைசியில நம்ம இங்கிலீசுதான் ஒங்கள வெளிய கொண்டாந்துச்சு” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை.

“உள்ள தள்ளுனதும் அதுதானே ஐயா.”