மை கரைந்த இரண்டு சீட்டுகள்

கல்லூரியின் தாவரவியல் துறையில் அவளை எல்லோரும் ‘பிளேடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிப் பேசிக் கழுத்தறுப்பவர்களுக்கு வைக்கிற பெயர் அது. அவளோ கேட்ட கேள்விக்கே பாதிப் பதில் சொல்கிறவள். இலையையும் தண்டையும் வேரையும் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கத் தோதாகக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது அவள் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே முக்காலி. முக்காலியின் ஒரு காலை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அவள் முதுகைத்தான் மாற்ற வழியில்லை.

அந்த வருடம் அவளுக்குப் போதாத காலம். கணவர் லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி நழுவி, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். விடிவதற்கு முன்பே எழுந்து அவரைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

“நான் என்ன சிமெண்ட் மூட்டையா? மெதுவா புரட்டு,” என்பார்.

“மூட்டையா இருந்தா வாயாவது பேசாம இருக்கும்,” என்பாள்.

இருவருக்கும் சிரிப்பு வரும். சிரித்தால் அவருக்கு இடுப்பு வலிக்கும் என்பதால் அதையும் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி மாணவியின் இலைகள் வந்து சேர்ந்தன. மாணவி என்றால் சின்னப் பெண் இல்லை. கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வருகிறவள். உப்பு மண்ணில் வளரும் செடியின் இலை, நல்ல மண்ணில் வளரும் அதே செடியின் இலையைவிடத் தடித்துப்போகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஐந்து ஊர்களில் அலைந்து, ஊருக்கு இரண்டு விதமாகப் பறித்துக்கொண்டு வந்திருந்தாள். மழை ஓய்ந்தபின் இரண்டே வாரம்தான் அந்தச் செடி துளிர்விடும். விட்டால் அடுத்த வருடம்தான்.

துண்டுகளாக நறுக்கிய இலையை முதலில் அழுகாமல் காக்கும் மருந்தில் போட வேண்டும். பிறகு ஆல்கஹாலில், படிப்படியாகச் செறிவு கூட்டி, இலையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியேற்ற வேண்டும். கடைசியில் உருக்கிய மெழுகுக்குள் இறக்கிக் கட்டியாக்கினால்தான் இயந்திரத்தில் வைத்து முடியைவிட மெல்லிசாகச் சீவ முடியும். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் அது எந்த இலை என்று பென்சிலால் எழுதிய காகிதச் சீட்டு ஒன்று கிடக்கும். வெளியே ஒட்டுவது ஈரத்தில் உரிந்துவிடும். உள்ளே கிடப்பதுதான் நம்பிக்கை.

இலைகளை ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டு, எட்டுக் குப்பிகளுக்குச் சீட்டு எழுதி முடித்து, ஐந்தாவது ஊரின் இரண்டு குப்பிகள் மிச்சம் இருந்தபோது போன் வந்தது. கணவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்துக் கீழே விழுந்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் பதறினார். அவள் கையில் அகப்பட்ட பேனாவை எடுத்து, இரண்டு சீட்டையும் கிறுக்கிப் போட்டு, மூடியைத் திருகிவிட்டு ஓடினாள்.

நான்கு நாள் கழித்து வந்து பார்த்தபோது அந்த இரண்டு குப்பிகளிலும் ஆல்கஹால் இலேசான நீலமாக இருந்தது. இடுக்கியால் சீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மை கரைந்து இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

வேலையை அப்படியே நிறுத்தினால் இலை கெட்டுவிடும் என்று இரண்டையும் தனித்தனியாக மெழுகில் இறக்கி, மற்றவற்றைப் போலவே சீவினாள். நாடா நாடாவாகச் சுருண்டு வந்த மெழுகைத் தூரிகையால் ஏந்தித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். ஒன்று தடித்திருந்தது. மற்றது ஒல்லி.

ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார். துறையின் கண்ணாடிச் சாமான்களுக்குக் காவல் அவர். யார் வீட்டுக் கவலையையும் கேட்டு வைத்துக்கொள்வார். விஷயத்தைச் சொன்னாள்.

“இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? தடியா இருக்கறது உப்பு. அப்படியே சீட்டு எழுதி ஒட்டிட்டு வீட்டுக்குப் போ. படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு உனக்கு?”

“தடியா இருக்கான்னு கண்டுபிடிக்கத்தானே அந்தப் பொண்ணு இவ்ளோ பாடுபடுது? பதில நானே எழுதிட்டா அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?”

“யாருக்குத் தெரியப் போகுது?”

உண்மையைச் சொன்னால், அவ்வளவு அசதியில் அவளுக்கும் ஒட்டிவிடத்தான் தோன்றியது. பசைக்குப்பியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு மாணவி உட்காரும் அறைக்கு நடந்தாள்.

நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள்.

“பேனாவுலயா எழுதுனீங்க, அக்கா?”

“ஆமா.”

“நீங்களா?”

அக்கா தலை குனிந்துகொண்டாள்.

“சரி, ரெண்டுல எது தடியா இருக்கு?”

“வேணாம்மா. சொன்னா என் புத்தி போன வழியிலதான் உங்க புத்தியும் போகும்.”

மாணவி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பத்து நாள் அக்கா இருக்கும் பக்கமே திரும்பவில்லை. நான்கு ஊர்க் கணக்கு போதாது என்று வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்துவிட்டாராம். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. துறைத்தலைவர் அக்காவைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ‘என் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். கணவர் விழுந்ததை எழுதவில்லை.

பதினோராவது நாள் மாணவி வந்து மேசைக்கு எதிரில் நின்றாள்.

“அடுத்த மழை விட்டதும் அந்த ஊருக்குத் திரும்பப் போகணும். நீங்களும் வாங்க. அங்கயே மருந்துல போட்டுரலாம்.”

“நானா?”

“பின்ன? பாதி வேலை உங்களோடது.”

அடுத்த மழைக்குள் கணவர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தார். அக்கா மாணவியோடு இரண்டு பஸ் மாறி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். வரப்போரத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு செடியைக் காட்டி, “இதுதான்,” என்றாள் மாணவி.

“இவ்ளோ சின்னதா!” என்றாள் அக்கா. நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, அதை ஆள் உயரத்துக்கு நினைத்து வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் தான் அறுத்த எந்தச் செடியையும் அது நின்ற இடத்தில் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இலையைத் தடவிப் பார்த்தாள். சொரசொரவென்று இருந்தது. அதுகூட அவளுக்குப் புதுச் செய்திதான்.

திரும்பி வந்து சீவிப் பார்த்ததில், அந்த ஊர் இலைகள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன வருடம் ஒன்று தடித்திருந்ததை அக்கா அப்போதுதான் சொன்னாள். அது மண்ணாலா, வெயிலாலா, வேறெதனாலா என்று மாணவிக்கும் பிடிபடவில்லை. அடையாளம் தொலைந்த ஜோடியைப் பற்றி ஆய்வேட்டில் ஒளிக்காமல் ஒரு பத்தி எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா இதையெல்லாம் கணவரிடம் சொன்னாள்.

“அப்ப அன்னிக்கே நீ ஒட்டியிருந்தா தப்பாயிருக்கும்?”

“தப்பாவும் இருந்திருக்கலாம், சரியாவும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.”

“அது தெரியாமலேயா இவ்ளோ அலைச்சல்?”

“ஆமா,” என்று சொல்லிப் பாயை விரித்தாள். அவர் வேறு ஏதோ கேட்டார். அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.