பாக்கியலெட்சுமியின் வாகனத் தரிப்பிடம்

கார் இல்லாத மனுசிக்குக் கார் நிறுத்த இடம் எதற்கு என்றுதான் அந்த மாடிக் கட்டடத்தில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இடம் அதற்கு முன் என்னவாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறதி என்பது சிலருக்கு நல்ல வசதி.

பாக்கியலெட்சுமி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், அந்தக் கட்டடத்தின் கீழ்மாடியில் குடியிருக்கிறாள். காலி வீதியில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. கணவர் நாகேந்திரம் கணக்காளர். யாரோடும் பிரச்சினை வைத்துக்கொள்ளாத மனிதர். லிஃப்டில் யாராவது இவருடைய காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

கட்டடத்தின் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் இடையில், ஒரு கீலம் மண் கிடந்தது. கட்டடம் கட்டியவர்கள் உடைந்த தட்டோடுகளைக் கொட்டிவிட்டுப் போன மண். பாக்கியம் அதைக் கிண்டிக் கிளறி, ஓடு பொறுக்கி, பார்மசி விட்டு வந்த மாலைகளில் தோட்டமாக்கினாள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, அந்தூரியம், ஊறுகாய்க்குப் புளிப்புக் காய் தரும் ஒரு தேசி மரம். சித்திரை பிறந்தால் அந்த மூலை பூத்துக் கொட்டும். அணில் வரும், கொண்டைக்குருவி வரும், செண்பகப் பறவை ஒன்று மதில்மேல் நடந்து வந்து வீட்டுக்காரரைப் போலச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்.

அவளுக்கு ஒரு வட்ஸ்அப் கூட்டம் இருந்தது. தெஹிவளை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை என்று கொழும்பெங்கும் சாடியில் செடி வளர்க்கிற ஆட்கள். மற்றவர்கள் ரோசாவும் ஓர்கிட்டும் படம் எடுத்துப் போடுவார்கள். பாக்கியம் தேசி இலையை அரித்துத் தின்னும் மயிர்க்கொட்டியைப் போடுவாள். "அக்கா, பூச்சி மருந்து அடியுங்கோ" என்று பதில் வரும். "அது வண்ணத்துப்பூச்சியின்ர பிள்ளை. பிள்ளைக்கு ஆரும் மருந்தடிப்பினமோ?" என்று இவள் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு சித்திரையிலும் ஒருவர் வீட்டில் கூடிக் கன்று மாற்றிக்கொள்வார்கள். வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் கன்று பிடிக்காது. அது அவர்களுடைய சட்டம்.

கட்டடத்துக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதற்கு ஒரு தலைவரும் இருந்தார். மேல்மாடிச் சுகிர்தன். ஏசி இறக்குமதி வியாபாரம், வீட்டில் இரண்டு வாகனம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் வசதியையும் ஊர் நன்மையையும் ஒரே பொருள் என்று உண்மையாகவே நம்புகிறவர், அவ்வளவுதான். அவர் கூட்டம் போட்டு, பின்பக்கத்து மண்ணைக் கொங்கிரீட் போட்டு வாகனத் தரிப்பிடம் ஆக்கலாம் என்றார். கை உயர்த்தச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் சாமிப் படத்துக்கு அவளிடம் செவ்வரத்தை வாங்கிப் போன கைகள்தான் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நாகேந்திரத்தின் கை பாதித் தூரம் போய், காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

தேசி மரத்தை வெட்டிய அன்று பாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிடுங்கக் கூடியதையெல்லாம் பிடுங்கிச் சாடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள். நாகேந்திரம் குளியலறையில் அந்தூரியங்களுக்கு நடுவே நின்று குளித்துவிட்டு வேலைக்குப் போனார்.

கொங்கிரீட் காய்ந்ததும் வீட்டுக்கொரு இடமாகப் பிரித்து இலக்கம் போட்டார்கள். பாக்கியத்துக்குப் பதினொன்று. அடுத்த நாளே சுகிர்தன் மாம்பழப் பையோடு வந்தார்.

"அக்கா, உங்களிட்டை வாகனம் இல்லைத்தானே. என்ர மற்ற வானை அதில விடட்டே?"

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று மாம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். யோசித்தாள். மறுநாள் காலை சாடிகளையெல்லாம் கொண்டுபோய்ப் பதினோராம் இலக்கத்தில் அடுக்கினாள். மத்தியானத்துக்குள் தலைவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது: தரிப்பிடத்தில் வாகனம் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது.

"பாத்தீரோ? நான் சொன்னனான்" என்றார் நாகேந்திரம். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"வாகனம்தானே? வாகனமே வைப்பம்" என்றாள் பாக்கியம்.

கிருலப்பனையில், கால்வாய்க் கரையோரம், றொஹான் என்ற மெக்கானிக்கின் கராஜ் இருக்கிறது. அங்கே ஒரு பழைய ஓட்டோ மழையிலும் வெயிலிலும் கிடந்தது. இலக்கத் தகடு இருந்தது, மூன்று சில்லும் இருந்தன. றொஹான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேக்க யன்னே நே, அக்கே" என்றார். இது ஓடாதாம். ஓட வைக்க முடியுமா முடியாதா என்று பாக்கியம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். முடியும், ஆனால் எதற்கு என்றார். செடி வைக்க என்றாள். றொஹான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அவளுக்கு அந்தக் கால்வாய் வீதியில் ஓட்டப் பழக்கினார். ஓட்டுநர் அனுமதி, புகைப் பரிசோதனை, வரிப்பத்திரம் எல்லாம் முறையாக எடுத்து, முன்கண்ணாடியில் ஒட்டவேண்டியதை ஒட்டி, ஒரு மாலை பாக்கியம் தானே ஓட்டிக்கொண்டு வந்து பதினோராம் இலக்கத்தில் நிறுத்தினாள். பல்கனிகளில் முகங்கள் முளைத்தன. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்சீற்றில் பாதியை எடுத்துத் தட்டு அடித்து, சாடிகளை ஏற்றினாள். கூரைக் கம்பியில் தொங்குசாடிகள். நீலச் சங்குப்பூ கம்பி வழியே ஏறி, கூரைப் படங்கு முழுக்கப் படர்ந்தது. ஒரு சாடிகூடத் தரையில் இல்லை. சட்டம் சட்டம்தானே.

சுகிர்தன் விதிகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்துப் பார்த்தார். வாகனத்துக்குள் பூ பூக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த சித்திரை பிறந்தபோது ஒரு தேன்சிட்டு வந்தது. பழுப்பு நிறத்தில் விரலளவுப் பெட்டை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தொங்கிய கயிற்றில், சிலந்தி நூலும் சருகும் பட்டைத் துண்டும் சேர்த்து, ஒரு சிறிய பையைப் போலக் கூடு பின்னியது. பாக்கியம் ஒவ்வொரு காலையும் படம் எடுத்துப் போட, கொழும்பெங்கும் ஆட்கள் தேத்தண்ணீரோடு அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஞ்சு பொரித்த அன்று தெஹிவளைப் பஹ்மிதா, "மாஷா அல்லாஹ், வாய் மட்டும்தான் இரிக்கி!" என்று குரல் அனுப்பினாள்.

அந்தக் கிழமையே சுகிர்தனின் அறிவித்தலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தரிப்பிடத்துக்கு மஞ்சள் கோடு அடிக்கப் போகிறார்கள். எல்லா வாகனங்களும் பகல் முழுக்க வெளியே நிற்க வேண்டும். எடுக்காத வாகனம் கைவிடப்பட்ட வாகனம். அந்த இடம் பறிக்கப்படும்.

பாக்கியம் மாடிக்கு ஏறிப் போனாள். "தம்பி, கூட்டில குஞ்சு இருக்கு. வண்டியைத் தள்ளினால் தாய் தேடி அலையும், காகம் வந்து கொத்திப்போடும். ரெண்டு கிழமை பொறுங்கோ."

"ஒரு குருவிக்காகப் பெயின்ற்காரன் ரெண்டு தரம் வருவானே அக்கா?"

"வரவேண்டாம். என்ர இடத்துக்கு அடிக்காமல் விடுங்கோ."

"எல்லாருக்கும் ஒரே சட்டம். அதோட, அந்தச் சாமான் ஓடுமோ எண்டே எனக்குச் சந்தேகம்" என்றார். கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்தால் நாகேந்திரம். "இஞ்சேரும், ஊரோட ஒத்துப்போனால் என்ன குறைஞ்சுபோச்சு? கூட்டை மெதுவாக் கழட்டி வேற இடத்தில கட்டிவிட்டால் தாய்க்குருவி தேடிப்பிடிச்சு வராதே?"

"உங்களைக் கட்டிலோட தூக்கிக்கொண்டு போய்ப் பேலியகொடை மீன் சந்தையில வைச்சால் நான் தேடிப்பிடிச்சு வருவனெண்டு நினைக்கிறீங்களோ?"

நாகேந்திரம் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். இடம் போனால் எல்லாம் போய்விடும். வீட்டுக்குள் அத்தனை செடியும் உயிர் வாழாது. ஆனால் அடுத்தவருக்காக இதுவரை விட்டுக்கொடுத்ததே போதும் என்றும் இருந்தது. குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: இந்த வருசம் கன்று மாத்துறது எங்கட இடத்தில. ஞாயிற்றுக்கிழமை விடிய வாங்கோ. சாடிகளையும் கொண்டு வாங்கோ.

ஞாயிறு காலை எல்லோரும் ஒழுங்காகத் தங்கள் வாகனங்களை எடுத்து ஒழுங்கையில் விட்டார்கள். தரிப்பிடம் துடைத்துவிட்ட மாதிரி வெறிச்சென்று இருந்தது, பதினோராம் இலக்கத்தைத் தவிர. பெயின்ற்காரர்கள் வாளியைத் திறப்பதற்குள் பஹ்மிதா வந்துவிட்டாள், இரண்டு கையிலும் ஓர்கிட். அவளுக்குப் பின்னால் கொட்டாஞ்சேனைக்காரர்கள் ரோசாச் சாடிகளோடு. கிருலப்பனையிலிருந்து போகன்வில்லா. யாரோ ஒருவர் நெருப்புப் பந்து போல் பூத்த கிழங்குச் செடியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கார்களை அகற்றி இடம் பண்ணிக் கொடுத்தவர் தலைவரே. கொங்கிரீட் முழுக்கச் சாடி, சாடிக்குச் சாடி பூ.

சுகிர்தன் தள்ளுவதற்கு ஆட்களோடு இறங்கி வந்தார். ஓட்டோவை நெருங்க வழியில்லை. எதை மிதிப்பது, எதைத் தாண்டுவது என்று தெரியாமல் நின்றார். "என்ன இது, சந்தையே?" என்று கத்தினார்.

"சத்தம் போடாதீங்கோ, குஞ்சு பயப்படும்" என்றாள் பாக்கியம். அவள் ஓட்டோவின் முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். திரண்டது கொடி மட்டுமல்ல. இரண்டாம் மாடி ராஜராஜேஸ்வரி, அன்றைக்குக் கொங்கிரீட் போட முதலாவதாகக் கை உயர்த்தியவள், கூச்சத்தோடு இறங்கி வந்து ஒரு மல்லிகைக் கன்று கேட்டாள். பாக்கியம் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். பெயின்ற்காரரில் ஒருவர் தூரிகையை வைத்துவிட்டு ரோசாத் தடி இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதியத்துக்குள் கூட்டம் கலைந்து, பத்து இடத்துக்கும் கோடு அடித்தாகிவிட்டது. பதினொன்றுக்கு அடிக்கவில்லை; கன்று வாங்கிய கட்டடத்து ஆட்கள் நின்று பார்க்க, ஓட்டோவைத் தள்ளச் சொல்லத் தலைவருக்கு வாய் வரவில்லை. சுகிர்தன் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "குஞ்சு பறக்கட்டும் அக்கா. பறந்த அண்டைக்கு இதை ஓட்டிக் காட்டுங்கோ. ஓடாட்டி இரும்புக் கடைக்குத்தான்."

"ஓட்டிக் காட்டுறன்" என்றாள் அவளும், எல்லோரும் கேட்க.

சொல்லிவிட்டாள், ஆனால் ஓட்டோ மாதக்கணக்காக அசையவில்லை. கூடு கட்டிய நாளிலிருந்து எஞ்சினில் யாரும் கைவைக்க அவள் விடவில்லை. ஓடுமா ஓடாதா என்பது அவளுக்கே தெரியாது.

ஒரு காலை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டை விட்டு வந்து, பக்கக் கண்ணாடிமேல் குந்தி, மதிலுக்குத் தாவி, பக்கத்து வளவுக் கொய்யாவுக்குள் மறைந்தன. தாய் பின்னால் கீச்சிட்டுக்கொண்டு போனது. பாக்கியம் வெறுங்கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தோசமாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

முதலில் றொஹானைக் கூப்பிட்டு எஞ்சினைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதுதான் புத்தி. ஆனால் அன்றைக்குப் புத்தியாக நடக்க அவளுக்கு விருப்பமில்லை. நேரே ஏறிப் போய்ச் சுகிர்தனின் மணியை அடித்தாள்.

பல்கனிகள் நிறைந்துவிட்டன. அவள் இருக்கையில் அமர்ந்து, பக்கத்திலிருந்த கைப்பிடியை இழுத்தாள். ஓட்டோ ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இழுத்தாள். இருமல்கூட இல்லை. மேலே யாரோ சிரித்தார்கள். சுகிர்தன் கைகட்டிக்கொண்டு நின்றார். பாக்கியம் செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் ஊன்றி, தேசி மரம் விழுந்த அன்று வந்த ஆத்திரத்தையெல்லாம் கையில் திரட்டி இழுத்தாள். ஓட்டோ கறுப்புப் புகை கக்கிக்கொண்டு உறுமியது. சாடிகள் எல்லாம் கிடுகிடுத்தன.

"சரி, சரி" என்றார் சுகிர்தன் புகைக்குள்ளிருந்து. "வாற கிழமை ஆளை அனுப்பி உங்கட இடத்துக்கும் கோடு அடிச்சுத் தாறன் அக்கா."

"கோடு வேண்டாம் தம்பி. என்ர இடம் எதெண்டு எனக்குத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாகேந்திரம் படிக்கட்டில், வேலைக்குப் போகிற சப்பாத்தோடு நின்றார். மேலே அத்தனை பல்கனியும் அவரைத்தான் பார்த்தது. அவர் வழக்கம்போலக் குனியவில்லை. நடந்து வந்து, ஒரு அந்தூரியச் சாடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாதிச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டோ பூவோடும் புகையோடும் கேற்றைத் தாண்டிக் காலி வீதியில் ஏறியது. பின்னால் ஒரு பஸ் கோர்ன் அடித்தது. பாக்கியம் ஓரம் கட்டப் பார்த்தாள்.

"ஏன் ஒதுங்கிறீர்?" என்றார் நாகேந்திரம் பின்னாலிருந்து. "நேர விடும். அவன் காத்திருக்கட்டும்."