வானத்தைச் சுட்ட பீரங்கி

எங்கள் தாத்தா சீன தேசத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர் என்பது மந்தைவெளியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அதற்குக் காரணம் தாத்தா இல்லை, சித்தப்பா. சீனாக்காரரான தாத்தா இந்த ஊருக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, சைக்கிளில் பட்டுத்துணி மூட்டை வைத்து மயிலாப்பூர் வீதிகளில் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துச் சித்தப்பா பேசினார்.

நான் சரித்திரம் படித்தவள் இல்லை, எட்டாவதோடு நின்றுவிட்டேன். சித்தப்பா சொன்னதைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் சீனாவில் ராஜாவும் போய், ஒழுங்கான சர்க்காரும் அமையாமல், மாகாணத்துக்கு ஒரு தளபதி பிடித்துக்கொண்டு ஆண்டானாம். எங்கள் மாகாணத்துத் தளபதி மலை மாதிரி ஆள். பக்கத்துத் தளபதிகளோடு வருஷம் தவறாமல் சண்டை. அந்தச் செலவுக்கு, இன்னும் வராத வருஷங்களுக்கும் சேர்த்தே வரி வாங்கிவிடுவான். ஒரு வருஷம் மழை பொய்த்தது. தளபதி மழைத் தெய்வத்தின் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுப் பார்த்தான். வரவில்லை. சிலையைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வானத்தைச் சுடச் சொன்னான். மறுநாள் கொட்டியது மழை.

"அந்த பீரங்கில குண்டு போட்டதே எங்க நைனாதான்" என்று முடிப்பார் சித்தப்பா. தாத்தா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பார். ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை.

எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்தில் யாராவது என் இடுங்கிய சீனக் கண்ணைக் கேலி செய்தால் உடனே பீரங்கியை இழுத்து வருவேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். கோயிலில் மழைக்காகப் பூஜை நடந்தது. தெருவில் தண்ணி லாரிக்குக் குடங்கள் காத்துக் கிடந்தன. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டு அக்கா, "இன்னாடி, உங்க தாத்தா பீரங்கி சும்மாதானே கீது? ரெண்டு குண்டு வுடச் சொல்லேன். நாங்க ஏன் வெயில்ல காஞ்சிக்கினு நிக்கணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வுடுவாரு, வந்து பாரு" என்று சொல்லிவிட்டேன்.

தாத்தாவிடம் கேட்கப் பயந்து சித்தப்பாவிடம் போனேன். அவர் அசரவில்லை. தீபாவளியில் மிஞ்சிய ராக்கெட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினார். "நைனா இன்னாத்துக்கு? அவரு ரத்தம்தான நம்ம ஒடம்புல ஓடுது. நாம வுட்டா வராதா?"

ஞாயிறு சாயங்காலம் தெருவே அண்ணாந்து நின்றது. மொட்டைமாடியில் சித்தப்பா பாட்டில் பாட்டிலாக ராக்கெட்டுகளைச் செருகி வைத்தார். நான் இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு சிப்பாய் போல விறைத்து நின்றேன். சித்தப்பா ஊதுபத்தியைப் பற்றவைத்தார்.

அப்போது தாத்தா படியேறி வந்தார். தோளில் குடம். காலையில் அம்மா வெயிலில் நின்று பிடித்தது. வீட்டில் இருந்த தண்ணீரே அவ்வளவுதான். அதை ராக்கெட்டுகளின் மேல் சாய்த்தார். அவை நனைந்து துவண்ட பிறகும் நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி, மீதித் தண்ணீரையும் மெதுவாகத் தரையில் ஊற்றினார். பிறகு கைகூப்பினார்.

"அவர் மேல சுடாதே" என்றார் சித்தப்பாவிடம். அவ்வளவுதான்.

கீழே ஒரே சிரிப்பு. "கெழவரு இருந்த தண்ணியயும் ஊத்திட்டாருப்பா" என்றது ஒரு குரல். அம்மா காலிக் குடத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மானமே போயிற்று. வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறவரா பீரங்கிப் படையில் இருந்தார் என்று நினைத்தேன்.

தாத்தா காலமாகி, காரியமெல்லாம் முடிந்த அன்று அப்பா சொன்னார். தாத்தா விரும்பிப் படையில் சேரவில்லை. வயலில் நின்றவரைக் கயிறு கட்டி இழுத்துப்போனார்கள். மனிதர்களைச் சுடச் சொன்னபோது பயந்து சுட்டிருக்கிறார். வானத்தைச் சுடச் சொன்ன அன்று, மேலே சாமி இருக்கிறது என்று குண்டைக் கீழே வைத்துவிட்டார். ஓடுகிற சிப்பாய்க்குத் தலை இருக்காது என்று தெரிந்தும், மற்ற பீரங்கிகள் முழங்கிய புகையில் காய்ந்த சோளக்கொல்லைக்குள் இறங்கி நடந்தார். பிறகு கப்பல், பர்மா, இந்த ஊர்.

"சித்தப்பா சொல்லும்போதெல்லாம் ஏன் சும்மா இருந்தாரு?" என்று கேட்டேன்.

"சின்னவன் சந்தோஷமா சொல்லிக்கினு கீறான், சொல்லட்டும்னாரு."

அங்கே பீரங்கி சுட்ட மறுநாள் மழை வந்தது நிஜம்தான். மாகாணமே தளபதியைப் புகழ்ந்ததாம். தாத்தா அந்த மழையில் நனைந்துகொண்டே நடந்தாராம். அது யாருக்காகப் பெய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டுப் பூஜை அலமாரியில் சாமி படங்களுக்குக் கீழே அவர் படமும் இருக்கிறது. விளக்கேற்றும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது.

ராக்கெட்டுகளை நனைக்க ஒரு செம்பு தண்ணீர் போதும். மீதிக் குடம் அபிஷேகம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.