மூன்றாவது கட்டம்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் மூன்று தடவை ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பேன். காலிங் பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டுச் சும்மா நிற்கத் தெரியாது. இந்தக் குணம் ஒரு தடவை என்னை ஒரு மீனவக் குப்பத்து மணலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மாமல்லபுரத்தில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, கரையைக் கடல் எவ்வளவு அரிக்கிறது என்று அளக்கும் சின்னத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். மாதம் ஒரு முறை, சுற்றியுள்ள குப்பங்களில் மணலில் நட்டிருக்கும் ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் அலை தொடும் இடம் வரை டேப் பிடித்து அளப்போம். அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை.

கணக்குக்கு நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரு மென்பொருள். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் நாலு வரி எழுதி ஓட்டினால் விடை அதன் அடியிலேயே வந்துவிடும். எங்கள் கம்ப்யூட்டரோ கிழடு, அந்த மென்பொருளைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட செங்கல்பட்டு அண்ணன் அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தார். கட்டங்களைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதிக்கொள்ள வேண்டியது. கர்சரை ஒரு கட்டத்துக்குள் வைத்து இரண்டு விசைகளைச் சேர்த்துத் தட்டினால், அந்தக் கட்டம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு நிரலுக்குப் போகும்.

"சும்மா தட்டும்மா, பிச்சிகினு ஓடும்" என்றார்.

ஓடியதுதான். ஆனால் ஓடியதா இல்லையா என்று எனக்குத்தான் தெரியாது. கடைசிக் கட்டத்தைத் தட்டினால் வரைபடம் எழும்பும். நடுவில் உள்ளவை எல்லாம் ஊமை. தட்டுவேன், திரை அசையாது. போச்சா, போகலையா? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டு.

அதில் மூன்றாவது கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு குப்பத்தில் படகுத் துறை அருகே இருந்த கம்பத்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட, புதிதாக ஒன்றைப் பத்தடி கடல் பக்கமாகத் தள்ளி நட்டிருந்தோம். ஆகவே அதற்குப் பிறகு எடுத்த அளவுகளில் எல்லாம் பத்து கூட்ட வேண்டும். அந்தக் கட்டத்தின் வேலை அவ்வளவுதான்.

அதே குப்பத்து மகளிர் குழுவுக்குக் கருவாடு காயவைக்க ஒரு சிமென்ட் மேடை அனுமதியாகியிருந்தது. ஒரே மேடை. அதைக் கடல் கொண்டுபோனால் இன்னொன்று கிடையாது. துறைக்குப் பக்கத்திலேயே கட்டினால் கூடை சுமக்கும் தூரம் மிச்சம். சவுக்குத் தோப்பு வரை போவதென்றால் கழுத்து ஒடியும். குழுவின் செயலாளர் அக்கா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஒரு நாள் நான் டேப்பைச் சுருட்டும்போது வந்து கேட்டார்.

"இன்னாம்மா, தொறையாண்ட கட்னா நிக்குமா? கம்ப்யூட்டர் இன்னா சொல்லுது?"

ஆபீசில் படம் போட்டுப் பார்த்தேன். கோடு சமமாகப் படுத்திருந்தது, கரை அசையவே இல்லை. அடுத்த முறை போனபோது, "தாராளமா கட்டலாங்க்கா" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரே பெருமை. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அதுவரை ஐந்து வாரமாக அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் அணைத்ததே இல்லை. அண்ணன் அணைத்து, துடைத்து, மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தார். மறுநாள் விஜயதசமி. லீவுதான், ஆனாலும் கொஞ்சமாவது வேலையைத் தொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். போய் உட்கார்ந்தேன். நல்ல நாளும் அதுவுமாகப் பதற வேண்டாம் என்று, அந்தக் குப்பத்துக் கணக்கை மேலிருந்து கீழே, கட்டத்துக்கு ஒரே தட்டாக ஓட்டினேன்.

கோடு சறுக்குமரம் மாதிரி சரிந்து இறங்கியது, கரை மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே கணக்கு, அதே அளவுகள். "அண்ணா, சந்தனம் உள்ள இறங்கிடுச்சா?" என்றேன்.

"இன்னா பேஜாரும்மா உன்னோட! நீதான் எதையோ மாத்திக்கீற."

"சத்தியமா ஒரு எழுத்துகூட மாத்தலண்ணா!"

பழைய படத்தின் அச்சுப்பிரதியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எது பொய்? வந்த எரிச்சலில் மூன்றாவது கட்டத்தை மறுபடி ஒரு தட்டு தட்டிப் படம் போட்டேன். கோடு நிமிர்ந்து சமமாகப் படுத்தது, அச்சில் இருந்த அதே கோடு. இன்னொரு தட்டு. கோடு மேலே ஏறியது. நான் தட்டத் தட்டக் கடல் பின்னால் போனது.

எடிட்டரில் தெரிவது நான் எழுதியது மட்டும்தான். எத்தனை தடவை தட்டினேன் என்பது பின்னால் ஓடும் நிரலுக்குள் இருக்கிறது, அதை யாரும் பார்க்க முடியாது, கம்ப்யூட்டரை அணைத்தால் அதுவும் அழிந்துவிடும். அக்காவுக்காகப் படம் போட்ட அன்றைக்கு இரண்டு தட்டு, தட்டுக்குப் பத்து. பத்துக்குப் பதில் இருபது.

"மேடைக்கு இன்னிக்குத்தான் கடக்கால் போடறாங்கண்ணா" என்றேன்.

அண்ணன் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். துறையில் குழி வெட்டி, மஞ்சள் தடவிய செங்கற்களை வைத்துக் கற்பூரம் காட்டியிருந்தார்கள். மேஸ்திரி கலவை போடத் தொடங்கியிருந்தார். நான் மணலில் ஓடினேன்.

"அக்கா, தப்பாயிடுச்சு. நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை தட்டிட்டேன். இங்க கரை அரிக்குது. கட்டாதீங்க!"

"அய்ய, பூஜ போட்ட அப்பறமா வந்து சொல்லுது பாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அரிக்கிதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? எங்க வூட்டு அடுப்பங்கர அதோ, அந்தத் தண்ணிக்குள்ளதான் கீது. தோப்பாண்ட கட்டலாம்னு நான்தான் கத்திகினு இருந்தேன். கம்ப்யூட்டரே சொல்லிச்சுன்னு நீ வந்து சொன்ன. எல்லாம் சேந்து என் வாய அடச்சிட்டாளுங்க. நானும், படிச்ச பொண்ணு சொல்லுதே, நம்ம கண்ணுதான் தப்பு போலன்னு நெனச்சிகினேன்."

குழிக்குள் இறங்கி, மஞ்சள் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினார். அவமானத்தில் எனக்குக் கண் எரிந்தது. எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற வேகத்தில், "தோப்புப் பக்கம் கண்டிப்பா நிக்கும்க்கா, அங்க கோடு..." என்று ஆரம்பித்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது. தோப்பருகே உள்ள கம்பத்தின் கணக்கிலும் அதே மாதிரி ஒரு திருத்தக் கட்டம் உண்டு.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம்" என்றார் அக்கா. "இந்தா, இதத் தூக்கிகினு வா."

இரண்டு செங்கல்லை என் கையில் வைத்துவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். தோப்புக் கணக்கின் அந்தக் கட்டத்தை எத்தனை தடவை தட்டினேன் என்று தோப்பு வரை யோசித்துக்கொண்டே போனேன். ஞாபகம் வரவில்லை.